லோகோ இருக்கட்டும், அந்தக் கறுப்பு நாய்களுக்கு முகம் கொடுங்கள்

மதுரையில் எங்கள் பகுதி விலங்கு மீட்பு இல்லத்தின் அறங்காவலர்களுக்கு,

வணக்கம். மூன்று புதிய லோகோக்களை வெளியிட்டு, எது பிடித்திருக்கிறது என்று ஊரைக் கேட்டிருந்தீர்கள். நான் எதற்கும் வாக்களிக்கவில்லை. சனிக்கிழமைதோறும் உங்கள் கூண்டுகளில் விரிப்பதற்குக் கழிவுத் தாள் கட்டுகளைக் கொண்டுவந்து இறக்கும் அச்சகக்காரன் நான். கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடித்தே இருபது ஆண்டுகள் பிழைத்தவன் என்பதால் இதில் மூக்கை நுழைக்கிறேன்.

லோகோவை முதலில் முடித்துவிடுவோம். மூன்றில் இரண்டில் சிவப்புச் சிலுவை இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். மருத்துவம் என்றாலே அதுதான் அடையாளம் என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது செஞ்சிலுவை இயக்கத்துக்கும் போர்க்கள மருத்துவப் பணிக்கும் உரியது. 1960ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டப்படி, அனுமதி இல்லாமல் மற்றவர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது. நானே தெரியாமல் எத்தனையோ கிளினிக்குகளுக்கு அதை அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

மூன்றாவது லோகோவில் நாய், பூனை, பசு, கிளி, ஒரு கை, ஒரு இதயம் என்று ஒரு திருவிழாவே நடக்கிறது. கைப்பேசியில் இவ்வளவும் சட்டைப் பொத்தான் அளவு வட்டத்துக்குள் அடங்க வேண்டும். 1961இல் உலக வனவிலங்கு நிதியத்துக்கு பீட்டர் ஸ்காட் பாண்டாவை வரைந்தபோது, கறுப்பு வெள்ளையில் எடுப்பாக இருக்கும், அச்சுச் செலவும் மிச்சம் என்பதையும் கணக்கில் வைத்திருந்தார்கள். உங்களுக்கும் ஒரு விலங்கு, ஒரு நிறம் போதும். ரசீதுப் புத்தகத்தில் மங்கலாக விழுந்தாலும் அடையாளம் தெரிய வேண்டும். உங்கள் வாசற்படியில் எந்நேரமும் படுத்திருக்கும் மூன்றுகால் கிழட்டு நாயைப் பக்கவாட்டில் வரைந்தாலே சின்னம் தயார்.

‘வாயில்லா ஜீவன்களின் குரல்’ என்ற வாசகமும் வேண்டாம். சோறு வரும் நேரத்தில் உங்கள் கூண்டுகளின் பக்கம் நின்ற எவரும் அவற்றுக்கு வாயில்லை என்று சொல்ல மாட்டார்கள்.

இனி, நான் எழுத வந்த விஷயம். ஏழு மாதமாக உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு நாயின் படம் இருந்தது. இரவில், கம்பிக்கு வெளியே நின்று, ஃபிளாஷ் போட்டு எடுத்தது. இரண்டு பச்சைப் புள்ளிகள், நடுவே கம்பி, மீதி எல்லாம் இருட்டு. ‘வீடு தேடும் செல்லம்’ என்று கீழே எழுதியிருந்தீர்கள். எத்தனையோ முறை அதைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன். ஒரு சனிக்கிழமை தாள் கட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது, கம்பி வழியாக ஒரு மூக்கு என் கையில் வந்து இடித்தது. முழுக் கறுப்பு, நெஞ்சில் மட்டும் விபூதி பூசியதுபோல் ஒரு வெள்ளைக் கீற்று. உங்கள் படத்தில் அந்தக் கீற்று இல்லவே இல்லை. இப்போது அவன் என் அச்சகத்தில், அடித்துக் காயவைத்த பத்திரிகைகளின் மேல்தான் படுப்பேன் என்று அடம்பிடிக்கிறான்.

அவனுக்கு நேர்ந்தது வேறு நாய்க்கு நேர வேண்டாம். கூண்டிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். காலை ஏழரை மணிக்கு, வேப்பமர நிழலில், பின்னால் வெளுத்த வேட்டி ஒன்றைக் கட்டுங்கள். படம் எடுப்பவர் நாயின் கண் மட்டத்துக்குக் குந்த வேண்டும். திரையில் அந்தக் கறுப்பு முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டினால் ரோமம் தனித்தனியாகத் தெரியும். கீழே உண்மையை எழுதுங்கள்: ஆட்டோ சத்தத்துக்குப் பயப்படும், குழந்தைகளோடு பழகும், பூனை இருக்கும் வீட்டுக்கு ஆகாது. காது நுனி ஏன் வெட்டுப்பட்டிருக்கிறது என்பதையும் சேருங்கள். கருத்தடை முடிந்ததற்கான அடையாளம் அது என்று தெரியாமல், யாரோ கொடுமை செய்துவிட்டார்கள் என்று என்னிடமே சண்டைக்கு வந்தார்கள்.

ரத்தப் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரக்கம் பிறக்கட்டும் என்றுதான் போடுகிறீர்கள். ஆனால் அப்படிப்பட்ட படங்களை இன்ஸ்டாகிராம் மங்கலான திரை போட்டு மறைத்துவிடுகிறது. திரையை விலக்கிப் பார்க்கிறவர்களும் தாங்க முடியாமல் விலகுகிறார்கள். உங்களுக்கு மாதாமாதம் பணம் அனுப்பும் என் மனைவியே பக்கத்தைப் பின்தொடர்வதை நிறுத்திவிட்டாள். காலைக் காபியோடு புழு வைத்த புண்ணைப் பார்க்க முடியவில்லை என்றாள். கட்டுப் போட்ட பிறகு எடுத்த படத்தை முன்னால் வையுங்கள்.

அடிபட்ட நாயோடு இரவு பதினொரு மணிக்கு மாட்டுத்தாவணியில் நிற்கும் ஆட்டோக்காரரும் பூக்காரம்மாவும்தான் உங்களை அவசரமாகத் தேடுகிறவர்கள். பக்கம் முழுவதும் ஆங்கிலம். தொலைபேசி எண்ணோ போஸ்டர் படத்துக்குள் இருக்கிறது. விரல் வைத்தால் அழைப்புப் போகாது. மேலே, தமிழில், தொட்டால் அழைக்கும்படி எண்ணைப் போடுங்கள். எத்தனை மணி வரை ஆள் இருப்பார், மாடு அடிபட்டால் வருவீர்களா என்பதும் அங்கேயே இருக்கட்டும்.

இருக்கும் கொஞ்சத் தமிழிலும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். பழைய போட்டோஷாப்பில், தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்புக்கு மாற்றாமல் தட்டினால் இப்படித்தான் ஆகும். முக்த மலர், கேட்டமரான் போன்ற நல்ல எழுத்துருக்கள் காசில்லாமலே கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் அதையே வையுங்கள்.

லோகோவுக்கு ஒதுக்கிய பணத்தைத் தடுப்பூசிக்கு மாற்றிவிடுங்கள். சின்னத்தை நான் வரைந்து தருகிறேன். வரும் சனிக்கிழமை தாள் கட்டுகளோடு வேட்டியும் கொண்டுவருகிறேன். மூன்றாவது வரிசைக் கடைசிக் கூண்டில் கறுப்புக் குட்டிகள் ஐந்து இருக்கின்றன. அவற்றை ஏழரைக்குள் மரத்தடிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதற்கு மேல் வெயில் ஏறிவிடும்.

இப்படிக்கு,
தாள் கட்டுக்காரன்