கல்லூரி பாஸ்வேர்டு யார் போனில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்காசிப் பக்கம் ஒரு சின்ன கலைக் கல்லூரியில் 14 வருடமாக கம்ப்யூட்டர் லேப் பார்த்து வருகிறேன். ஆர்டரில் லேப் அசிஸ்டென்ட் என்றுதான் இருக்கிறது. ஆனால் வைஃபை நின்றாலும், ஆபீஸ் பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும், கல்லூரிகளுக்குத் தரம் கொடுக்கிற ‘நாக்’ குழுவுக்கு அறிக்கை ஏற்ற வேண்டும் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை, பிடித்துத்தான் செய்கிறேன். நான் எழுத வந்தது வேறு விஷயம்.

போன வருடம் புதுமைப் பெண் திட்டத்துக்கு மாணவிகளின் விவரங்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய், எங்கள் ஊரில் அது பஸ் செலவுக்கும் நோட்டுக்கும் நேரடியாகப் போகிற காசு. அன்று காலை கல்லூரி மெயில் திறக்கவில்லை, ஓடிபி கேட்டது. அந்த ஓடிபி போன நம்பர் இரண்டு வருடத்துக்கு முன்னால் வேலையை விட்டுப்போன ஒரு கௌரவ விரிவுரையாளருடையது. அவர்தான் அந்த மெயிலை ஆரம்பித்துக் கொடுத்தவர். இப்போது கோவையில் வேறு கல்லூரியில் இருக்கிறார், வகுப்பில் இருந்ததால் போனை எடுக்கவில்லை. பத்து மணியிலிருந்து மூன்றரை வரைக்கும் வராந்தாவில் பிள்ளைகள் பாஸ்புக்கை பாலிதீன் கவரில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண்ணின் அம்மா பீடி சுற்றுகிறவர், அன்றைக்குத் தட்டைத் தொடாமல் மகளோடு வந்திருந்தார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு ஒரு பகல் போனால் போனதுதான். அந்தச் சார் சாயங்காலம் கூப்பிட்டு, மன்னிப்பும் கேட்டு, ஓடிபியும் சொன்னார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. கல்லூரியின் கணக்கை ஒரு தனி ஆளின் போனில் கட்டிவைத்தது எங்கள் தப்பு.

வெப்சைட்டிலும் இதே கதைதான். வடிவமைத்துக் கொடுத்தவர் தன் பெயரிலேயே முகவரியை வாங்கியிருந்தார், புதுப்பிக்க மறந்துவிட்டார், ஒரு வாரம் கல்லூரி முகவரியை அடித்தால் ரம்மி விளம்பரம் வந்தது. அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களுக்கென்றே ஏசி.இன், இடியூ.இன் என்று முடிகிற முகவரிகளை மத்திய அரசின் எர்நெட் இந்தியா நிறுவனம் கொடுக்கிறது, அது கல்லூரியின் பெயரிலேயே பதிவாகும். அதை நாங்கள் தெரிந்துகொண்டதே அந்த வாரத்துக்கு அப்புறம்தான்.

இப்போது லேபுக்கு வருகிறேன். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த ஆதரவு, அதாவது வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள், 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எங்களிடம் இருக்கும் 40 கணினிகளில் 26-இல் இருப்பது இன்டெல்லின் பழைய நான்காம் தலைமுறை ஐ3 பிராசசர். விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் வேண்டும், அதனால் இவற்றில் முறையாக ஏறாது. உடனே எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் புதிதாக வாங்கலாம் என்று கமிட்டியில் பேசினார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சி, ஜாவா, பைத்தான் வகுப்பு முழுக்க, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற உபுண்டுவில் நன்றாகவே நடக்கும், பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு வேகமான எஸ்எஸ்டி ஒன்று மாட்டினால் அதே ஐ3 இன்னும் மூன்று நான்கு வருடம் ஓடும். பி.காம் பிள்ளைகளுக்கு டேலி என்ற கணக்கு மென்பொருள் வேண்டும், அதற்குப் பத்துப் பதினைந்து விண்டோஸ் கணினி போதும். ஆபீஸில் மாற்ற முடியாத பழைய மிஷின் இருந்தால், கல்வி நிறுவனங்களுக்கு விண்டோஸ் 10-க்கான நீட்டிப்புப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாப்ட் முதல் வருடம் கணினிக்கு 1 டாலருக்குத் தருகிறது, அடுத்த வருடம் 2, அதற்கடுத்து 4. இதையெல்லாம் உட்கார்ந்து கணக்குப் போட்டு முடிவெடுக்க ஒரு ஆளுக்குப் பொறுப்பும் வேண்டும், அதிகாரமும் வேண்டும். பெரும்பாலான சின்னக் கல்லூரிகளில் அந்த ஆள் இல்லை, பட்ஜெட்டில் கணினிப் பராமரிப்பு என்று தனித் தலைப்பும் இல்லை.

அப்புறம் பிள்ளைகளின் ஆதார் நகல். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லித்தான் பல இடங்களில் வாங்குகிறார்கள். 60 பேர் போனில் 60 பேரின் ஆதாரும் வங்கிக் கணக்கும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் குழந்தை. முதலாமாண்டில் சேருகிறவர்களில் பல பேருக்கு 17தான். பெண் பிள்ளையின் போன் நம்பரும் போட்டோவும் எங்கெல்லாம் போகும் என்று நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

எங்கள் பிரின்சிபால் அம்மா இப்போது ஒப்புக்கொண்டு, நாலு பக்கத்தில் ஒரு விதி எழுதிவைத்திருக்கிறோம். மெயில், வெப்சைட், வைஃபை எல்லாம் பதவியின் பெயரில். ஓடிபி வருவதற்கு ஆபீஸ் மேஜையில் இருக்கும் ஒரு தனி சிம். பாஸ்வேர்டுகள் முத்திரை வைத்த கவரில் பிரின்சிபால் பீரோவில், யாராவது வேலையை விட்டால் ரிலீவிங் ஆர்டருக்கு முன்னால் அத்தனையும் மாற்றப்படும். செலவு ஒரு சிம்முக்கானது மட்டும். உயர்கல்வித் துறை இதே மாதிரி ஒரு மாதிரி விதியைத் தமிழில் தயாரித்து எல்லாக் கல்லூரிக்கும் அனுப்ப வேண்டும், கல்லூரிக்கு ஒரு சிஸ்டம் அட்மின் பணியிடமும் அனுமதிக்க வேண்டும். அடுத்த மாணவர் சேர்க்கை தொடங்குவதற்குள் விதியாவது வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு லேப் அசிஸ்டென்ட்,
தென்காசி மாவட்டம்.