ஆங்கில வினை வகைகளைத் தமிழ் இலக்கணத்தின் துணையோடு கற்பிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

க.பொ.த. சாதாரண தர மாணவருக்காகத் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வெளிவரும் ஆங்கில மாதிரி வினாத்தாள்கள் பயனுள்ளவை. அவை தொடர்பாக ஒரு வேண்டுகோளை முன்வைக்க விரும்புகிறேன். நமது பிள்ளைகள் 'கோ, வென்ற், கோன்' என வினையின் மூன்று வடிவங்களையும் தடையின்றி ஒப்புவிக்கிறார்கள். காலங்களின் அட்டவணையையும் மனப்பாடமாக எழுதுகிறார்கள். ஆனால் ஒரு வினை எவ்வகையைச் சேர்ந்தது, அது தன்னோடு எதை வேண்டி நிற்கிறது என்று கேட்டால் பலரிடமிருந்து விடை வருவதில்லை.

இத்தனைக்கும் இதன் அடிப்படை அவர்களுக்குப் புதியதன்று. செயப்படுபொருளை ஏற்காத குன்றிய வினை, அதனை ஏற்கும் குன்றா வினை என்ற பாகுபாட்டைத் தமிழ்ப் பாடத்தில் படித்தவர்கள்தாம் அவர்கள். 'இன்ட்ரான்சிற்றிவ்', 'ட்ரான்சிற்றிவ்' என்று ஆங்கில ஆசிரியர் சொல்வதும் இதுவே என அறிந்தால் பாதிச் சுமை குறைந்துவிடும். எஞ்சிய பாதியை விளக்குவதற்கும் தமிழே உதவும். 'கண்ணாடி உடைந்தது', 'அவன் கண்ணாடியை உடைத்தான்' என்னும்போது தமிழில் வினையின் வடிவமே வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்திலோ 'பிறேக்' என்ற ஒரே வினை இரண்டிடத்தும் வருகிறது. 'ஓப்பின்' என்பதும் அவ்வாறே. ஆகவே அங்கு செயப்படுபொருள் இருக்கிறதா என்று வாக்கியத்தைப் பார்த்துத்தான் வகையைத் தீர்மானிக்க வேண்டும். இதில் பழகாத மாணவர், செயப்பாட்டுவினைப் பயிற்சியில் கண்ட வினைக்கெல்லாம் 'வாஸ்' சேர்த்து, 'விபத்து நடந்தது' என்பதற்கும் 'வாஸ் ஹப்பின்ட்' என்று எழுதிவிடுகிறார். செயப்படுபொருளே இல்லாத வினையை எவ்வாறு செயப்பாட்டுவினையாக்குவது என்று ஒருமுறை சிந்தித்திருந்தால் அந்தப் பிழை நேர்ந்திராது. 'டிஸ்கஸ்' என்ற வினை செயப்படுபொருளை நேரே ஏற்பது. அதன்பின் 'எபவுட்' சேர்ப்பதோ பட்டதாரிகளிடமும் காணப்படும் வழக்கம்.

துணைவினைகளில் இடர் இன்னும் கூடுதல். 'போனாயா?' என்ற வினாவில் இறந்தகாலம் முதன்மை வினையிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் அதனை 'டிட்' என்ற துணைவினை எடுத்துக்கொள்வதால் முதன்மை வினை 'கோ' என்றே நிற்க வேண்டும். இவ்வேறுபாட்டை எடுத்துச் சொல்லாமல் 'டிட் யூ வென்ற்' என்பதைச் சிவப்பு மையால் வெட்டிவிடுவதால் மாணவர் எதையும் கற்பதில்லை. 'கான்', 'மஸ்ட்', 'ஷுட்' போன்றவை 'ரு' (to) இல்லாத வினையடியையே ஏற்கும் என்பதையும், 'அவர் ஆசிரியர்' என்று பெயர்ப் பயனிலையோடு நாம் முடிக்கும் வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் 'இஸ்' என்ற இணைப்புவினை கட்டாயம் என்பதையும் இதே முறையில் விளக்கலாம்.

ஆயினும், வகைகளின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்விப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 'எனக்கு இரண்டு சகோதரர்கள் இருக்கிறார்கள்' என்னும் பொருளில் 'ஹாவ்' நிலையை உணர்த்துவதால் 'ஹாவிங்' என்ற வடிவம் அங்கு பொருந்தாது; மதிய உணவு உண்டுகொண்டிருக்கிறேன் என்னும்போது அதே வினை செயலை உணர்த்துவதால் 'ஹாவிங்' சரியே. வகை என்பது சொல்லைவிட அதன் பயன்பாட்டைச் சார்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இலக்கணம் வேண்டாம், பேசவைத்தால் போதும் என்று கூறுவோரும் உளர். வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளரும் பிள்ளைக்கு அது பொருந்தலாம். வகுப்பறைக்கு வெளியே அம்மொழியைக் கேட்க வாய்ப்பில்லாத, யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துப் பிள்ளைக்கும் தீவகத்துப் பிள்ளைக்கும் விளக்கத்தை மறுப்பது நியாயமாகாது. 1823ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய செமினரியில் ஆங்கிலமும் தமிழும் சேர்த்தே கற்பிக்கப்பட்டன. இரு மொழியையும் அருகருகே வைத்துக் கற்பது இம்மண்ணுக்கு அந்நியமானதன்று.

எனவே, மாதிரி வினாத்தாளுடன் வாரம் ஒரு வினை வகையையேனும் எடுத்து, தமிழ் வாக்கியத்தையும் ஆங்கில வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கமாக வைத்து விளக்கும் சிறு பகுதியொன்றைத் தாங்கள் வெளியிட வேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்து அதனை எழுதுவது நன்று.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
சுன்னாகம்.