கையில் கரண்ட் வைப்பார்கள் என்று பயந்திருக்கும் அத்தைக்கு

அன்புள்ள அத்தை,

கை மரத்துப்போவதற்காக வியாழக்கிழமை எடுக்கவேண்டிய நரம்பு டெஸ்ட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டீர்களாமே. அம்மா போனில் சொன்னாள். "கரண்ட் வைப்பாங்க, அப்புறம் ஊசியைக் குத்தித் திருகுவாங்க" என்று எதிர்வீட்டு அக்கா சொன்னதிலிருந்து நீங்கள் சரியாகத் தூங்கவில்லையாம். நேரில் பேச்செடுத்தால் காபி போட எழுந்து போய்விடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். இதே பயத்தோடு வேறு யாராவது இருந்தால் அவர்களும் படிக்கட்டும் என்று எல்லோரும் பார்க்கும்படியே எழுதுகிறேன்.

அந்த அக்கா பொய் சொல்லவில்லை. கரண்ட் உண்டு, ஊசியும் உண்டு. ஆனால் கரண்ட் என்றதும் நம் மனதில் வருவது சினிமாவில் காட்டும் மனநல ஆஸ்பத்திரிக் காட்சி. அதற்கும் இதற்கும் துளி சம்பந்தம் இல்லை. இது தலைக்கு வைப்பதும் இல்லை, சிகிச்சையும் இல்லை. கையில் ஓடும் நரம்பு ஒழுங்காகச் சேதி கொண்டுபோகிறதா என்று பார்ப்பது, அவ்வளவுதான்.

டிஸ்க் பிரச்சினை வந்தபோது எனக்கு இதே டெஸ்ட்டைக் காலில் எடுத்தார்கள். நான் போன இடத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை விளக்கவில்லை. "படுங்க, காலை நீட்டுங்க" என்றார்கள், சுளீரென்று ஒன்று விழுந்தது, துள்ளிவிட்டேன். வலித்ததைவிடப் பதறியதுதான் அதிகம். அடுத்தடுத்து வந்தபோது அந்தப் பதற்றம் இல்லை. என்ன வரப்போகிறது என்று தெரிந்திருந்தால் முதல் தடவையே துள்ளியிருக்க மாட்டேன். உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது.

முதல் பாதி என்.சி.எஸ்., அதாவது நரம்பில் சேதி ஓடும் வேகத்தை அளப்பது. கட்டைவிரலின் அடியில் மேடாக இருக்கிறதே, அந்தச் சதைமேல் சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். மணிக்கட்டில் இரண்டு முனையுள்ள ஒரு கருவியை வைத்து அழுத்துவார்கள். ரப்பர் பேண்டை இழுத்து விட்டதுபோல் ஒரு அடி. கட்டைவிரல் தானாகத் துடிக்கும். அதைப் பார்த்து பயப்படாதீர்கள், அது துடிக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு அடியும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். நரம்பின் எல்லா இழைகளும் விழித்துக்கொண்டால்தான் கணக்கு சரியாக வரும். கடைசிச் சில அடிகள் சுருக்கென்றுதான் இருக்கும்.

அடுத்து முழங்கை மடிப்பில் அதேபோல் ஒரு அடி. டேப் வைத்து இரண்டு இடத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை அளப்பார்கள். 20 சென்டிமீட்டரைக் கடக்க 4 மில்லி செகண்ட் ஆனால் நொடிக்கு 50 மீட்டர் வேகம். கை நரம்புக்கு ஏறக்குறைய அதுதான் வேண்டிய வேகம். மணிக்கு 180 கிலோமீட்டர் அத்தை, உங்கள் கைக்குள்ளேயே.

தெருவில் எல்லோரும் "கழுத்துத் தேய்மானம்தான்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். உங்களுக்கு சுகர் வேறு பதினைந்து வருடமாக இருக்கிறது. கழுத்தில் நரம்பு அழுந்தினாலும் கை மரத்துப்போகும், சுகராலும் மரத்துப்போகும், மணிக்கட்டில் அழுந்தினாலும் மரத்துப்போகும். எங்கே தவறு என்று தெரியாமல் எதற்கு மாத்திரை சாப்பிடுவது? எனக்கு மணிக்கட்டின்மேல்தான் சந்தேகம். நடுராத்திரி எழுந்து கையை உதறுகிறீர்கள். சுண்டுவிரலை விட்டுவிட்டு மற்ற விரல்கள்தான் ஊறுகின்றன. முப்பது வருடமாகத் தையல் மெஷினும் கத்தரியும் பிடித்த கை. மணிக்கட்டில் ஒரு குறுகலான பாதை இருக்கிறது. விரல்களை மடக்கும் கயிறு மாதிரியான ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்தான் நெருக்கிக்கொண்டு போகின்றன. அங்கே இடம் குறைந்தால் முதலில் அவதிப்படுவது நரம்பு. ஆனால் இதெல்லாம் என் ஊகம். அளந்து பார்த்தால்தான் தெரியும்.

(டிரிப்ஸ் போடும்போது நர்ஸ் "நரம்பு கிடைக்கல" என்பாரே, அந்தப் பச்சையாகத் தெரிகிற நரம்பு இல்லை இது. அது ரத்தக்குழாய்.)

இரண்டாம் பாதி ஈ.எம்.ஜி., அதாவது சதைக்குள் ஓடும் மின்சாரத்தைப் பதிவுசெய்வது. இதில்தான் ஊசி. எல்லோருக்கும் இது தேவைப்படுவதில்லை. மருந்து எதுவும் ஏற்ற மாட்டார்கள், சதைக்குள் நடப்பதைக் கேட்கும் ஊசி அது. "கேட்கும்" என்று நிஜமாகவே சொல்கிறேன், ஸ்பீக்கரில் சத்தம் வரும். கையைத் தளர்த்தி வைத்திருந்தால் நல்ல சதை அமைதியாக இருக்கும். லேசாக முறுக்கினால் படபடவென்று பொரியும். நரம்புத் தொடர்பு அறுந்த சதையோ சும்மா இருக்கும்போதே தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல் சத்தம் போடும். டாக்டர் ஊசியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்ப்பார், எதிர்வீட்டு அக்கா திருகுவது என்று சொன்னது அதைத்தான். கட்டைவிரல் மேட்டில் குத்தும்போது வலிக்கும், மறைக்க மாட்டேன். தாங்க முடியாவிட்டால் "கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்லுங்கள், நிறுத்துவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கையை இறுக்கினால் சதை அமைதியாகாது, நேரம்தான் இழுக்கும்.

சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ரத்தப் பரிசோதனை மாதிரி வெறும் வயிற்றோடு கிளம்பி, சுகர் மாத்திரையும் போட்டுக்கொண்டு, வரிசையில் மயங்கி விழ வேண்டாம். அன்று கையில் தேங்காய் எண்ணெய், க்ரீம் எதுவும் வேண்டாம், ஸ்டிக்கர் ஒட்டாது. ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லிவிட வேண்டும், மாமாவுக்கு வைத்திருக்கும் பேஸ்மேக்கர் போல ஏதாவது இருந்தாலும்தான். ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.சி. அறையில் கை ஜில்லிட்டால் நரம்பின் வேகமும் குறையும். ஒரு டிகிரிக்கு நொடிக்கு சுமார் 2 மீட்டர். இல்லாத நோய் இருப்பதுபோல் காட்டிவிடும். கை குளிர்ந்திருந்தால் நீங்களே சொல்லுங்கள், சூடாக்கிவிட்டு அளப்பார்கள்.

ஒருவேளை ரிப்போர்ட் நார்மல் என்று வந்தால், "அப்போ சும்மா சொல்றாளா" என்று யாரும் கேட்க விடமாட்டேன். இந்த டெஸ்ட் அளப்பது பருத்த இழைகளைத்தான். எரிச்சலையும் சூட்டையும் கடத்தும் மெல்லிய இழைகள் இதில் தெரியாது.

உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. பொங்கலன்று நீங்கள் டபராவை நீட்டியபோது பார்த்தேன். வலது கட்டைவிரலின் மேட்டுச் சதை இடது கையைவிடத் தட்டையாக இருந்தது. சீக்கிரம் கண்டுபிடித்தால் இரவில் மணிக்கட்டுக்குப் பட்டை போட்டுக்கொண்டாலே பலருக்குக் குறைகிறது. சதை முழுக்கக் கரைந்துவிட்டால் ஆபரேஷன் செய்தாலும் பழைய பிடி திரும்பும் என்று உறுதி இல்லை. ஊசியில் நூல் கோர்க்க முடியாத அத்தையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நச்சரிக்கிறேன்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுகிறேன். மாம்பலத்தில் ரயில் ஏறினால் பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து ஜி.ஹெச். நடக்கிற தூரம்தான். பரிசோதனை முடிய ஒரு மணி நேரம் ஆகலாம், காத்திருப்பது தனி. அறைக்குள் விட்டால் கூடவே நிற்கிறேன், விடாவிட்டால் கதவுக்கு வெளியே இருப்பேன். அந்த வலது கை வளையல் கழல்வது கஷ்டம், புதன்கிழமை இரவே சோப்பு போட்டுக் கழற்றி வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்