ஆண்டறிக்கை 2024–25: மடலாடற்குழு தொடர வேண்டும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் கட்டற்ற மென்பொருள் பயனர் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நூலக மாடியில் நடந்தன. லினக்ஸ் இயங்குதளம் நிறுவும் முகாமைக் கல்லூரி மாணவர்களே பொறுப்பேற்று நடத்தினார்கள், அவர்களுக்கு நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

ஒருவர் அனுப்பும் மின்னஞ்சல் உறுப்பினர் எல்லோருக்கும் போய்ச் சேரும் நம் மடலாடற்குழுவை மூடிவிட்டு டெலிகிராம் குழுவை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்ற பேச்சுதான் ஆண்டு முழுக்க ஓடியது. செயற்குழுவில் இதில் ஒருமித்த முடிவு வரவில்லை. மூடக் கூடாது என்பது என் கருத்து.

டெலிகிராம் வந்ததால் சங்கத்துக்குப் புது ரத்தம் கிடைத்தது, அதை மறுக்கவே முடியாது. இரவு பத்து மணிக்கு வைஃபை எடுக்கவில்லை என்று ஒரு மாணவி கேட்டால், படுக்கப்போகும் முன் யாராவது வழி சொல்லிவிடுகிறார்கள். போன் எண்ணை மறைத்துக்கொள்ளலாம் என்பதால் பெண்கள் தயங்காமல் சேர்கிறார்கள். மடலுக்கோ தொல்லைகள் கூடிவிட்டன. 2014 ஏப்ரலில் யாஹூ, மடல் சொல்லப்பட்ட முகவரியிலிருந்துதான் வந்ததா என்று சரிபார்க்கும் தன் டிமார்க் விதியை இறுக்கியதும், யாஹூ முகவரியிலிருந்து குழு வழியாகச் சுற்றிவரும் மடல்களைப் போலி என்று பிற சேவைகள் திருப்பியனுப்பத் தொடங்கின. நம் மடல்களும் பல நேரம் ஸ்பேமில்தான் கிடக்கின்றன.

சரி, இந்த ஆண்டு நாம் செய்த நூலகப் பட்டியல் வேலையை எடுத்துக்கொள்வோம். பட்டியல் முழுதும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சாகியிருந்தது. இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றினால், ‘கொ’ வரும் இடமெல்லாம் ‘கெ’யும் துணைக்காலும் தனித்தனிக் குறிகளாகப் பதிந்து, தேடினால் சொல் கிடைக்கவில்லை. டெலிகிராமில் கேட்டோம், ஆளுக்கொரு யோசனை வந்தது, அடுத்த பேச்சில் அமுங்கிப்போனது. அப்புறம் மடல் சேமிப்பில் ‘பாமினி’ என்று தேடியபோது, மூத்த உறுப்பினர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய மடல் கிடைத்தது. பாமினியில் கொம்பு, க, கால் என்று மூன்று குறிகள் சேர்ந்ததே ‘கொ’. அந்த மூன்றையும் ஒன்றாக முதலில் மாற்ற வேண்டும், ‘கெ’யைப் பிறகுதான் தொட வேண்டும் என்று காரணத்தோடு விளக்கியிருந்தார். அதன் கீழே இன்னொருவர் கேட்ட சந்தேகமும், அதற்கு வந்த பதிலும், தலைப்பு மாறாமல் ஒரே இழையில் இருந்தன. அன்றைக்கே வேலை முடிந்தது.

கணினித் தமிழே இப்படி வளர்ந்ததுதான். யூனிகோடு பரவும் முன் தமிழுக்கு இருந்த திஸ்கி எழுத்துக் குறியீட்டை உலகின் பல மூலைகளில் இருந்தவர்கள் மடலில் வாதிட்டு உருவாக்கினார்கள். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் தமிழ்.நெட் மடற்குழு உறவில் முளைத்தது. லினக்ஸின் மையப் பகுதியான கருவுக்கான (கெர்னல்) திருத்தங்கள் இன்றும் மடலில்தான் அலசப்படுகின்றன.

மடல் என்பதாலேயே எல்லாம் பத்திரம் என்று நான் சொல்லவரவில்லை. மடற்குழுக்களை நடத்த இடம் தந்த யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டன. அங்கே இருந்த தமிழ் மடல்களில், யாரோ முன்கூட்டி இறக்கி வைத்தவை மட்டுமே இன்று மிச்சம். ஆனால் மடலை இறக்கி வைக்க முடியும். ஒவ்வொரு உறுப்பினரின் பெட்டியிலும் ஒரு பிரதி இருக்கும். ஸ்லாக் என்ற அரட்டைச் செயலியின் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தைய பேச்சைப் பார்க்கவே முடியாது.

டிஸ்கோர்ஸ் என்ற இணைய விவாத மன்ற மென்பொருளை வைக்கலாம் என்று இளைஞர்கள் சொன்னதும் நல்ல யோசனையே. பைத்தான் நிரல்மொழியின் மேம்பாட்டாளர்கள் 2022இல் மடலை விட்டு அதற்குத்தான் போனார்கள்; இழையும் தேடலும் அதில் உண்டு. ஆனால் சர்வர் வாடகையும் பராமரிக்க ஆளும் வேண்டும். நம்மிடம் இப்போது இரண்டும் இல்லை.

ஆகவே பொதுக்குழுவை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: அவசரக் கேள்விகள் டெலிகிராமில் தொடரட்டும். அங்கே தீர்ந்த சிக்கல்களை, தெளிவான தலைப்போடு வாரம் ஒருமுறை மடலாடற்குழுவில் இட இரண்டு மாணவ உறுப்பினர்கள் முன்வந்துள்ளார்கள். அவர்களை நியமிக்க ஒப்புதல் வேண்டும். சங்கத் தீர்மானங்கள் மடலில் பேசிய பிறகே முடிவாக வேண்டும். மடல் சேமிப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இறக்கி நூலகக் கணினியில் வைக்க, ஒரு ஹார்டு டிஸ்க் வாங்க அனுமதியும் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்