அட்டையில் இருப்பது என் கையெழுத்து

நெல்லைச் சீமையில் பழைய நூற்பட்டியல் அட்டைகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கும் நூலகத் தோழர்களுக்கு,

வணக்கம். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்துப் பகுப்பெண் போட்டே ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் இழுப்பறையிலிருந்து உருவும் அட்டைகளில் சில என் கையெழுத்தாக இருக்கலாம். 'ள'வுக்கு வால் நீண்டிருந்தால் நான்தான். அவற்றை அப்படியே கணினியில் தட்டிவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஓர் ஆடி மாதம் வில்லுப்பாட்டுக்காரர் ஒருவர் முத்துப்பட்டன் கதை தேடி வந்தார். செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்கள் இருவரை மணக்கப் பூணூலை அறுத்தெறிந்த பிராமணனின் கதை. சமயப் பிரிவில், இந்து சமயத்துக்கான 294.5 அடுக்கின் முன்னால் வெகுநேரம் நின்றார். புராணங்கள் எல்லாம் இருந்தன, பட்டவராயராகிச் சாமியான அந்த முத்துப்பட்டன் மட்டும் இல்லை. அவர் நாட்டார் கதைகளுக்கான 398இல், வேதாளக் கதைகளுக்குப் பக்கத்தில் கிடந்தார். நூல் எதைப் பற்றியது என்று சொல்லும் பொருள் தலைப்பாக அட்டையில் நான் எழுதியிருந்தது 'கட்டுக்கதைகள்'. அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு அவர் கேட்டார்: "சார்வாள், சொரிமுத்தையன் கோயில்ல பட்டவராயருக்கு வருசா வருசம் செருப்பு காணிக்கை போடுதோம். கும்பிடுத சாமி கட்டுக்கதையா?"

நூல்களைப் பிரிக்கும் எண் முறையை வகுத்த டூயியின் எண் அப்படி என்று முனகினேன். பாதிதான் உண்மை. 398 டூயி தந்தது. அங்கே கொண்டுபோய் வைத்ததும், 'கட்டுக்கதை' என்று எழுதியதும் நான்.

டூயியும் லேசுப்பட்டவர் இல்லை. 1876இல் அமெரிக்காவில் அவர் தொடங்கிவைத்த பகுப்பில் 220 முதல் 280 வரை கிறிஸ்தவம். மற்றச் சமயங்கள் எல்லாம் 290இல் நெருக்கியடித்து உட்கார வேண்டும். மேலப்பாளையத்து முஸ்லிம் வாசகருக்கு 297. நெல்லையப்பருக்கு 294க்குப் பின் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குப் பின்னாலும் சுடலைமாடனுக்கு இடம் கொடுக்க நமக்கு மனம் வரவில்லையே, அதற்கு டூயி என்ன செய்வார்?

சாதிப் பெயர் விஷயம் இன்னும் நுட்பமானது. 1849இல் கால்டுவெல் எழுதிய 'தி டின்னெவேலி ஷானார்ஸ்' நூலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலைப்பில் கைவைக்கக் கூடாது. அச்சில் உள்ளதை உள்ளபடி பதிவதுதான் தொழில் ஒழுங்கு. ஆனால் பொருள் தலைப்பு கால்டுவெல்லுடையது அல்ல, நம்முடையது. ஷானார் என்பதற்குப் பதிலாக நாடார் என்ற பெயரை 1921இல் அரசே ஏற்றுக்கொண்டது. நானோ நூலின் தலைப்பில் இருந்த சொல்லையே கீழேயும் இறக்கினேன். சோம்பல், வேறென்ன. பழைய சொல்லைத் தேடி வரும் ஆய்வாளருக்கு 'பார்க்க: நாடார்' என்று ஒரு வழிகாட்டி அட்டை வைத்திருந்தால் தீர்ந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமே 'சட்டவிரோத அந்நியர்' என்ற தலைப்பைக் கைவிடுவதாக 2021இல் அறிவித்தது. மாற்றுவது பிழையை ஒப்புக்கொள்வதாகிவிடும் என்று பயப்படாதீர்கள். ஒப்புக்கொள்ள வேண்டியவன் நான், நீங்கள் இல்லை.

எங்கள் காலத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் தனி அட்டை எழுத வேண்டும். கை கடுக்கும், ஒன்றோடு நிறுத்திவிடுவோம். உங்களுக்குக் கணினிப் பதிவில் பொருள் தலைப்புக்கான 650 முதலிய புலங்களை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். புத்தகம் 398இலேயே இருந்துவிட்டுப் போகட்டும். 'நாட்டார் தெய்வங்கள்', 'வில்லுப்பாட்டு', 'சொரிமுத்து அய்யனார் கோயில்', 'சாதி மறுப்புத் திருமணம்' என்று நான்கும் கொடுங்கள். நான்கு வழியாக வருகிறவரும் அதை எடுத்துக்கொள்வார். ஒரு தெய்வத்தின் பெயரை எப்படி எழுதுவது என்று குழம்பினால், அகராதிக்குப் போகும் முன் அதற்குக் கொடை கொடுக்கிறவர்களைக் கேளுங்கள்.

சந்தேகமான அட்டைகளை ஒரு பெட்டியில் தனியே போட்டு வையுங்கள். சனிக்கிழமைகளில் வந்து உட்காருகிறேன், காப்பி மட்டும் வாங்கித் தந்தால் போதும். முதலில் 'மு' இழுப்பறையைத் திறப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
பாளையங்கோட்டை