பழைய வணிகர் வீடுகளுக்குச் சீமெந்துப் பூச்சு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் எஞ்சியிருக்கும் பழைய வணிகர் வீடுகளை இடிக்கக்கூடாது என்று பலரும் எழுதுகிறார்கள். சரிதான். ஆனால் இடிபடாமல் தப்பிய வீடுகள் பழுதுபார்ப்பிலேயே கெட்டுப்போவதை யாரும் பேசக் காணோம்.

செட்டியார் தெருவை எடுத்துக்கொள்வோம். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய காலத்தில் அங்கே வீடும் கடையும் ஒன்றுதான், கிட்டங்கி என்பார்கள். முதலாளி காரைக்குடிப் பக்கம் இருப்பார். மூன்றாண்டுத் தவணையில் வரும் ஏஜெண்டுகள் இங்கே கணக்குப் பார்ப்பார்கள். கடனுக்காகக் கைமாறிய காணிகளை அரசு மீட்க வழிசெய்த 1942 காணி மீட்புச் சட்டமும், இந்திய வம்சாவளியினர் பலருக்குக் குடியுரிமை மறுத்த 1948 குடியுரிமைச் சட்டமும் வந்தபின் பலர் ஊர் திரும்பினார்கள். தெரு நகைக்கடைகளின் கைக்குப் போனது. கண்ணாடி முகப்புகளுக்குப் பின்னால் பழைய சுவர்கள் சில இன்னும் நிற்கின்றன.

அந்தக்காலச் சுவர் பெரும்பாலும் கபுக் என்னும் செம்பாறைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அடியில் ஈரத்தடை கிடையாது. நிலத்து ஈரம் மேலேறிச் சுண்ணாம்புப் பூச்சு வழியாக உலர்ந்துவிடும். சீமெந்து பூசினால் அந்த வழி அடைபடும். உள்ளே தங்கிய உப்பு பூச்சுக்குப் பின்னால் இறுகி, கல்லின் முகத்தையும் சேர்த்துப் பெயர்க்கும். மேசன் அதன்மேல் இன்னும் கெட்டியாக அப்புவார். ஈரம் இன்னும் ஓரடி மேலே போகும். எமல்சன் பெயின்டும் இதே வேலையைத்தான் செய்கிறது.

முதலில் கூரைப் பீலியைப் பாருங்கள். அது ஒழுகினால் கீழே என்ன பூசினாலும் வீண். பிறகு சீமெந்தைக் கை உளியால் எடுக்க வேண்டும். இயந்திரம் வைத்தால் கல் பிளக்கும். சுவரை மாதக்கணக்கில் உலரவிட்டு, பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கடியில் ஒரு மாதமாவது வைத்து, 1 பங்குக்கு 3 பங்கு கழுவிய ஆற்றுமணல் சேர்த்துக் குழையுங்கள். கடல் மணல் ஆகவே ஆகாது. ஒரு பூச்சு 10 மில்லிமீற்றருக்கு மேல் தடித்தால் வெடிக்கும். ஈரச்சாக்குத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது காயாமல் பார்க்க வேண்டும். மேலே வெள்ளையடிப்பு நான்கு தடவை, பெயின்ட் வேண்டாம்.

செலவு கூடத்தான். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன்மாரும் குறைவு. ஆனாலும் பழுதுபார்க்க அனுமதி கொடுக்கும் அதிகாரிகள் விண்ணப்பத்தில் “பூச்சு என்ன கலவை?” என்று ஒரு வரி சேர்த்துக் கேட்கலாமே.

பழைய கட்டட வேலை தெரிந்த வாசகர்கள்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13