கோயில் தெரு ஞாயிறு சந்தையை இடம் மாற்றும் முன்: பேரூராட்சி மன்றத்துக்கும் பங்குப் பேரவைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேரூராட்சித் தலைவர், செயல் அலுவலர், மன்ற உறுப்பினர்கள் ஆகியோருக்கும், அன்பிற்குரிய பங்குத்தந்தைக்கும் பங்கு மேய்ப்புப் பணிப் பேரவையினருக்கும் வணக்கம்.

ஞாயிறுதோறும் நம் கத்தோலிக்கக் கோயிலை ஒட்டிய கோயில் தெருவில் தரையில் கடை விரிக்கும் வியாபாரிகளைப் புறவழிச்சாலையை ஒட்டிக் கட்டப்பட்டுள்ள புதிய சந்தை வளாகத்துக்கு மாற்றுவது குறித்து மன்றத்தில் பேசப்பட்டு வருவதாகவும், வரும் திருவிழாவுக்குக் கொடியேறும் முன்பே அதைச் செய்து முடிக்க எண்ணியிருப்பதாகவும் அறிகிறேன். நம்முடையது பேரூராட்சி என்பதால் எழுந்து நின்று கேள்வி கேட்பதற்குக் கிராம சபை நமக்கு இல்லை. தனித்தனியாக மனுக் கொடுத்தவர்களுக்கு இதுவரை பதிலும் வரவில்லை. ஆகவே, ஊரார் அனைவரும் படிக்கும்படி இந்த மடலை எழுதுகிறேன்.

நான் 1966-இல் இந்தத் தெருவில் பிறந்தவன். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். என் தாயார் கோயில் மதிலோரம் மீன் விற்றே எங்கள் ஐவரையும் படிக்க வைத்தார். அவர் பக்கத்தில் சாக்கின் மேல் உட்கார்ந்து சில்லறை எண்ணிய பிள்ளைக்குக் கோயில் தெருச் சந்தையை வெறும் போக்குவரத்து இடையூறாகப் பார்க்க இயலாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஐந்தரை மணித் திருப்பலி முடிந்து மக்கள் வெளியே வரும்போது தெருவின் இரு பக்கமும் நிறைந்திருக்கும். கடற்கரை ஊர்ப் பெண்கள் லோடு ஆட்டோவில் இறங்கி சாளையையும் நெத்திலியையும் காரலையும் கூறு கட்டி வைத்திருப்பார்கள். தேரிக்காட்டுப் பக்கமிருந்து முருங்கைக்காய்க் கட்டும் கருப்பட்டியும் வரும். தை மாதமென்றால் பனங்கிழங்கும், சித்திரை வைகாசியென்றால் நுங்கும் சேர்ந்துகொள்ளும். மேலத்தெரு பாயின் வளையல் வண்டி, சுரூபம் வைத்த குகை வடிவக் கெபிக்கு எதிரே நிற்கும். பூ விற்கும் அக்கா விடியுமுன் அம்மன் கோயில் வாசலில் ஒரு கூடையை விற்று முடித்துவிட்டு, அடுத்த கூடையோடு இங்கே வந்து சேருவார். பத்து மணிக்கெல்லாம் சந்தை கலைந்து, தெரு மறுபடியும் தெருவாகிவிடும். இந்த நாலரை மணி நேர வியாபாரத்தை நம்பி வாரம் முழுவதும் அடுப்பெரியும் வீடுகள் நம் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கின்றன.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கண்ணால் கண்டதை இங்கே பதிவு செய்கிறேன். அறுபது வயதைக் கடந்த மீன்கார அம்மா ஒருவர், நற்கருணை வாங்கிவிட்டு வந்துவிடுகிறேன் என்று பக்கத்துக் கடைக்காரியிடம் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கோயிலுக்குள் போனார். திரும்பி வந்தபோது அவருடைய அலுமினியச் சட்டியும், மீன் வெட்டும் பலகையும், தராசும் குப்பை டிராக்டரில் ஏறியிருந்தன. சட்டியில் பாதிக்கு மேல் சாளை இருந்தது. முக்காட்டைக்கூட எடுக்காமல் டிராக்டரின் பின்னாலேயே அலுவலகம் வரை நடந்தார். நானும் உடன் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அலுவலகம் பூட்டியிருந்தது. நாளைக்கு வரச் சொன்னார்கள். மறுநாள் அபராதம் கட்டிச் சட்டியை வாங்கித் திறந்தபோது அதில் இருந்தது மீன் அல்ல, நாற்றம். எடுத்த பொருள்களுக்குப் பட்டியல் எதுவும் அவர் கையில் தரப்படவில்லை. டிராக்டரில் வந்த பணியாளர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் சொன்னதைச் செய்தவர்கள், அவர்களுள் ஒருவர் என் மாணவர். ஆனால் அவர்களுக்கு அப்படிச் சொன்னவர்கள், சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரப் பாதுகாப்புக்காக நாடாளுமன்றம் 2014-இல் இயற்றிய சட்டம் மாநகராட்சிக்கும் நகராட்சிக்கும் மட்டுமல்லாமல் பேரூராட்சிக்கும் பொருந்தும். அச்சட்டத்தின்படி முதலில் நகர விற்பனைக் குழு அமைக்கப்பட வேண்டும். அதன் உறுப்பினர்களில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும். அவர்களை வியாபாரிகளே தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். அதன்பின் கணக்கெடுப்பு நடத்தி விற்பனைச் சான்றிதழ் வழங்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கைக்கு வரும் வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றத்தான் வேண்டுமென்றால் 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் கையொப்பமிட்ட பட்டியல் தர வேண்டும். அழுகும் பொருளாக இருந்தால் உரியவர் வந்து கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். அந்த அம்மா அன்றைக்கே வந்து கேட்டார் என்பதற்கு நான் சாட்சி.

நம் ஊரில் அந்தக் குழு இருக்கிறதா? இருந்தால் அதில் கோயில் தெருவின் சார்பில் அமர்ந்திருப்பவர் யார்? சந்தையில் ஒருவர் விடாமல் கேட்டுப் பார்த்தேன். வாக்களித்ததாகவும் எவரும் சொல்லவில்லை, கணக்கெடுக்க ஆள் வந்ததாகவும் எவரும் சொல்லவில்லை. ஆண்டுதோறும் தரைக்கடை வசூல் உரிமை ஏலம் விடப்படுவது மட்டும் அனைவருக்கும் தெரிந்திருக்கிறது. ஏலம் எடுத்தவரின் ஆள் ரசீதில் ஒரு தொகையைக் காட்டி வேறொரு தொகையை வாங்குவதும் தெரிந்திருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு பகுதி அச்சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. வாங்குவோரும் விற்போரும் வழக்கமாகக் கூடும் இடத்தில் தெருவோர வியாபாரிகள் 50 ஆண்டுகளுக்கு மேல் வியாபாரம் செய்து வந்திருந்தால், அதை மரபுச் சந்தையாக அறிவிக்க வேண்டும் என்றும், அங்குள்ள வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது என்றும் அது கூறுகிறது. நம் கோயில் தெரு அப்படிப்பட்ட சந்தை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே அது 50 ஆண்டைத் தாண்டிவிட்டது. என் பாட்டியும் அதே மதிலோரம் உட்கார்ந்து விற்றவர். ஆனால் என் நினைவு அலுவலகத்தில் ஆவணமாக எடுத்துக்கொள்ளப்படாது என்பதும் எனக்குத் தெரியும்.

ஆவணம் கோயிலில் இருக்கிறது. பங்குத்தந்தை அவர்களே, இந்த மடலில் தங்களுக்கும் இடம் இருப்பதன் காரணம் இதுதான். மதிலோரத் தரை கோயிலுக்குச் சொந்தம் என்று கருதப்பட்ட நாள்களில், வியாபாரிகளிடம் கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை தரைக்காசு வாங்குவார். ஓரணாவும் இரண்டணாவுமாக வாங்கிய காசு கணக்கில் எழுதப்பட்டதை என் தாயார் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த வரவு செலவு ஏடுகள் பங்கு இல்லத்து மர அலமாரியில் இருப்பதை, பொன்விழா மலருக்காகப் பழைய படங்களைத் தேடிய நாளில் நானே பார்த்தேன். அணாக் கணக்கென்றால் 1957-க்கு முந்தையதாகவே இருக்கும். நயா பைசா அந்த ஆண்டில்தான் வந்தது. பங்கு ஏடுகளையும் பழைய பதிவுகளையும் கவனமாகக் காக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 535-ஆம் பிரிவு பங்குத்தந்தையைப் பணிக்கிறது. அப்படிக் காத்து வந்த ஏடு இன்று ஏழைகளுக்குச் சாட்சி சொல்ல முடியும். தரைக்காசு எழுதப்பட்ட பக்கங்களின் நகலுக்குத் தாங்கள் சான்றளித்துப் பேரூராட்சிக்கு அனுப்பினால், நாங்கள் நூறு மனுக்கள் எழுதியும் ஆகாத காரியம் ஆகும். பேரூராட்சிக் காரியத்தில் கோயில் தலையிடுவதாக ஆகிவிடுமே என்று பேரவையில் சிலர் தயங்குவதாகக் கேள்விப்பட்டேன். கையில் இருக்கும் ஆதாரத்தைக் கேட்டபோது கொடுப்பது தலையீடு ஆகாது.

தெருவின் கட்டடக் கடைக்காரர்களின் குறைகளையும் நான் அறிவேன். வாடகையும் தொழில் வரியும் மின் கட்டணமும் கட்டிக் கடை நடத்துபவர், வாசலை மறைத்து ஒருவர் கூடையை இறக்கினால் கோபப்படாமல் இருக்க முடியாது. கடை வாசல்களுக்கு நேரே வழி விட்டு வெள்ளைக்கோடு போட்டால் அந்தப் பிரச்சினை தீரும். ஞாயிறு காலை பத்து மணி வரை மினி பஸ்ஸை மேலத்தெரு வழியாகத் திருப்பினால் நெரிசலும் குறையும். திருவிழாவின் பத்து நாளும் அப்படித்தானே செய்கிறோம்? குப்பையைப் பொறுத்தவரை வியாபாரிகள் பக்கமும் தவறு இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருந்தும், சந்தை முடிந்தபின் சாக்கடை ஓரம் முழுவதும் மீன் வாடையோடு பைகள் கிடக்கின்றன. ஓலைப் பெட்டியிலும் வாழை இலையிலும் மீன் வாங்கிப் போன ஊர் இது. பை கொடுக்க மாட்டோம் என்று வியாபாரிகளும், பாத்திரம் கொண்டு வருவோம் என்று, பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டங்களில் நாமும் உறுதி எடுத்துக்கொள்ளலாம். இதற்காக மன்றத் தீர்மானம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

புதிய வளாகத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தினசரி காய்கறிக் கடைக்கும் மொத்த வியாபாரத்துக்கும் அது நல்ல இடம். ஆனால் அங்கே ஷட்டர் போட்ட கடை ஒன்றை ஏலத்தில் எடுத்து முன்பணம் கட்ட, வாரத்தில் ஒரு நாள் நாலரை மணி நேரம் மீன் விற்கும் பெண்ணால் முடியுமா? அவர்களில் பலர் விடியற்காலையில் 900 ரூபாய் கடன் வாங்கி இரவில் 1,000 ரூபாயாகத் திருப்பிக் கொடுத்து வியாபாரம் செய்பவர்கள். தெருவோர வியாபாரிகளுக்கென்று 2020-இல் ஒன்றிய அரசு 10,000 ரூபாய் கடன் திட்டம் கொண்டு வந்தபோது, விற்பனைச் சான்றிதழோ பேரூராட்சியின் பரிந்துரைக் கடிதமோ கேட்டார்கள். கணக்கெடுப்பே நடக்காத தெருவில் முதலாவதற்கு வழியில்லை. இரண்டாவதைக் கேட்டு அலைந்தவர்கள் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். குழு அமைவதும் அமையாததும் காகித விஷயம் என்று நினைப்பவர்கள், அந்த 100 ரூபாய் வட்டி ஒவ்வொரு நாளும் யார் மடியிலிருந்து போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். மேலும், ஞாயிறு சந்தைக்கு ஆள் வருவது திருப்பலிக்கு வந்தவர்களால்தான். கோயில் வாசலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி வைத்தால், பூசை முடிந்து வீட்டுக்கு நடந்து போகும் கிழவி அங்கே போய் நெத்திலி வாங்கப் போவதில்லை.

பங்குப் பேரவையினரிடம் இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளாகத் திருவிழாக் கடைகளுக்கான கோயில் மைதானம் மொத்தமாக ஒரே ஒப்பந்தக்காரருக்கு விடப்படுகிறது. கோயிலுக்கு ஒரே நாளில் முழுத் தொகையும் வந்துவிடுகிறது. வசூல் தொல்லை இல்லை. அதன் வசதி எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் அடிக் கணக்கில் வைக்கும் வாடகையைக் கொடுக்க ராட்டினக்காரர்களாலும் வெளியூர் அல்வாக் கடைக்காரர்களாலும்தான் முடிகிறது. உப்பும் மிளகும் மெழுகுதிரியும் விற்று வந்த நம் பங்கின் விதவைப் பெண்கள் சென்ற ஆண்டு பேருந்து நிறுத்தத்தில் வெயிலில் நின்றார்கள். புனிதருக்குச் செலுத்தும் காணிக்கை உப்பை விற்பவருக்குப் புனிதரின் வாசலில் இடம் இல்லாமல் போனது எனக்கு மிகுந்த வேதனை தந்தது. ஒப்பந்தம் பேசும் முன், கொடிமரத்துக்குத் தென்புறம் ஒரு வரிசையை உள்ளூர்ச் சிறு வியாபாரிகளுக்கு என்று ஒதுக்கி, அதற்கு நியாயமான ஒரே வாடகையைப் பங்கின் நிதிக்குழு முடிவு செய்து அறிவிக்க வேண்டும். அந்த வரிசையில் பாயும் பூக்கார அக்காவும் இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

தலைவர் அவர்களே, செயல் அலுவலர் அவர்களே, நாங்கள் கேட்பது சட்டம் ஏற்கனவே கொடுத்திருப்பதைத்தான். நகர விற்பனைக் குழுவுக்குத் தேர்தல் நடத்துங்கள். ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கணக்கெடுப்பாளர்களைக் கோயில் தெருவுக்கு அனுப்புங்கள். வார நாளில் வந்தால் அங்கே எவரும் இருக்க மாட்டார்கள், பிறகு சந்தையே இல்லை என்று அறிக்கை எழுதப்பட்டுவிடும். அதுவரை இடமாற்றப் பேச்சை நிறுத்தி வையுங்கள். பறிமுதல் செய்தே தீர வேண்டிய நிலை வந்தால் பட்டியல் கொடுக்கவும், ஞாயிறன்றும் பொருளைத் திருப்பித் தரவும் ஓர் ஆளை அலுவலகத்தில் வையுங்கள்.

பங்குத்தந்தை அவர்களே, அந்த அலமாரியைத் திறக்கும் நாளைச் சொல்லுங்கள். பழைய ஏடுகளின் மை மங்கியிருக்கும். அணா, பைசாக் குறியீடுகளும் கூட்டெழுத்தும் இன்றைய பிள்ளைகளுக்குப் பிடிபடாது. எனக்கு வாசிக்கத் தெரியும். அடுத்த மன்றக் கூட்டத்துக்குள் தரைக்காசுப் பக்கங்களை எல்லாம் பார்த்துப் படியெடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
கோயில் தெருவாசி ஒருவன்